தாய்மாமன் ஜாமீன்

மே 11, ஞாயிறு

உரக்கடைக்காரர் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி இது. ஜனவரியில் நான்கு பக்கம் எழுதிவிட்டு மேஜை டிராயரில் போட்டிருந்தேன். இன்று யாரிடமாவது கத்த வேண்டும் போலிருக்கிறது. கத்தினால் என் வீட்டுக்காரி மரகதம் ரத்த அழுத்த மாத்திரையை எடுத்து நீட்டுவாள். அதனால் எழுதுகிறேன்.

காலையிலேயே கலாவதி மகளோடு வந்துவிட்டாள். என் ஒரே தங்கை. புருஷன் விபத்தில் போய் நான்கு வருஷமாகிறது. அங்கன்வாடிச் சம்பளத்தில் மகளை வளர்க்கிறாள். மகள் கனிஷ்கா பன்னிரண்டாம் வகுப்பில் ஐந்நூற்று அறுபத்தெட்டு வாங்கியிருக்கிறாள். அந்த மார்க்குக்கு எந்தக் கல்லூரியும் வாசலில் வந்து கூட்டிப் போகும். அம்மணி படிக்கப் போவது பி.ஏ. அரசியல் அறிவியலாம். அதுவும் பெங்களூரில், தனியார் பல்கலைக்கழகத்தில். நுழைவுத் தேர்வு எழுதி, நேர்காணல் முடித்து, கட்டணத்தில் பாதிச் சலுகையும் வாங்கி வைத்தாயிற்று. எல்லாம் முடிந்த பிறகு மாமாவுக்கு அரைக் கிலோ பால்கோவா.

நான் ஆடிட்டர் ஆபீசில் முப்பது வருஷமாகக் கணக்குப் பார்க்கிறவன். பால்கோவா டப்பாவின் மேல் மூடியிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். விடுதியோடு சேர்த்து மூன்று வருஷத்துக்கு ஒன்பது லட்சம். அவள் அப்பா செத்ததற்கு வந்த பணத்தில் இரண்டு லட்சம் போனால், ஏழு லட்சம் கடன். படிக்கிற காலத்திலும் அதற்கப்புறம் ஒரு வருஷமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி தூங்காது. கட்ட ஆரம்பிக்கும்போது ஒன்பது லட்சத்தைத் தொட்டுவிடும். மாதம் பன்னிரண்டாயிரம் வீதம் பத்து வருஷம். "இதைப் படிச்சா உனக்கு என்ன சம்பளம் குடுப்பான்?" என்று கேட்டேன்.

"ஆரம்பத்துல இருபதாயிரம் மாமா. அதுக்கு மேல கிடைச்சா அதிர்ஷ்டம்" என்றாள்.

மறுத்துப் பேசினால் மடக்கலாம். ஒப்புக்கொள்கிற ஆளை என்ன செய்வது? கலெக்டர் ஆவேன் என்றாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

முகுந்தனைப் பார் என்றேன். என் மகன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அவனுக்கும் வங்கிக் கடன்தான். இன்று சென்னையில் பன்னாட்டுக் கம்பெனியில் இருக்கிறான், கடனை அவனே கட்டுகிறான், படிப்பென்றால் அது படிப்பு என்றேன். அடுப்படியில் மரகதம் எதையோ கீழே போட்டாள். கை வழுக்கிவிட்டதாம்.

மே 14, புதன்

தண்ணீர் வருகிற நாள். மோட்டார் ஓடவில்லை. கெப்பாசிட்டர் போயிருக்கிறது. கடைக்காரன் போன முறை கொடுத்ததும் டூப்ளிகேட்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றரை மணிக்கு முகுந்தன் பேசினான். எப்போதும் அந்த நேரத்தில்தான் பேசுவான். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். டீ குடிக்க வெளியே வந்தேன் என்றான். நல்ல மழைக்கோட்டாக ஒன்று வாங்கப் பணம் அனுப்பச் சொன்னான். மே மாதத்தில் மழைக்கோட்டு. சென்னையில் எப்போது மழை வரும் என்று யாருக்குத் தெரியும், அனுப்பினேன்.

மே 18, ஞாயிறு

நத்தம் பக்கத்தில் எங்கள் குலதெய்வம் கோயிலில் பெரியப்பா பேரனுக்குக் காதுகுத்து. கிடா விருந்து. கறி நன்றாகத்தான் வெந்திருந்தது. என் வாய்தான் சும்மா இருக்கவில்லை.

எதிர்ப் பந்தியில் பாண்டியராஜ் உட்கார்ந்திருந்தான். கலாவதியின் கொழுந்தன், லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறான், பேச்சும் லாரி மாதிரியே இருக்கும். ஏழு லட்சம் கடனுக்கு வெளியாள் ஒருவர் ஜாமீன் போட வேண்டும் என்று வங்கியில் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கலாவதி அவனிடமும் கேட்டிருப்பாள் போல. அவன் எலும்பை உறிஞ்சிக்கொண்டே ஊருக்கே கேட்கிற மாதிரி பேசினான். உள்ளூரில் பி.காம். சேர்த்தால் ஜாமீன் என்ன, கட்டணமே நான் கட்டுகிறேன், அரசியல் படிக்க ஒரு பைசாவுக்கும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். அதோடு விட்டிருந்தால் நானும் ஆமாம் என்று தலையாட்டியிருப்பேன். நான் சொல்வதைத்தானே அவனும் சொல்கிறான். அவன் விடவில்லை.

"நாங்க அப்பன் வீட்டுக்காரங்க. பொறுப்பு எங்களுது. தாய்மாமன்னா மாலையைப் போட்டுட்டு, சீரை வச்சுட்டுப் போறதோட சரி" என்றான்.

பாதி இலையில் எழுந்துவிட்டேன். "தாய்மாமன் நான் உசுரோட இருக்கேன். என் தங்கச்சி மக எதைப் படிச்சாலும் ஜாமீன் கையெழுத்து என்னுது" என்றேன்.

பந்தியே திரும்பிப் பார்த்தது. பெரியப்பா "அதான்டா தாய்மாமன்" என்று எழுந்து வந்து தோளில் தட்டினார். கலாவதி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மரகதம் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 19, திங்கள்

முட்டாள்.

மே 25, ஞாயிறு

கலாவதி வீட்டுக்குப் போனேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லப் போகவில்லை. சொன்ன சொல்லை மாற்றுகிறவன் இல்லை நான். அந்தப் பிள்ளையாகவே மனம் மாறினால் யாருக்கும் குறையில்லையே என்று போனேன்.

மதுரையில் ஒரு கல்லூரியில் இதே பாடம் வருஷத்துக்குச் சில ஆயிரத்தோடு முடிந்துவிடும் என்றேன். அங்கேயும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன், பெங்களூர் நடக்காவிட்டால் அங்கேதான் போவேன் என்றாள். பி.காம். பற்றிச் சொன்னேன். நர்சிங் பற்றிச் சொன்னேன். முகுந்தனைப் பற்றி மறுபடியும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கடைசியில் எரிச்சல் தாங்காமல், அந்தப் படிப்பில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன்.

அப்பா செத்த பணம் வர இரண்டரை வருஷம் ஆனதே என்று ஆரம்பித்தாள். அந்த அலைச்சல் எனக்கும் தெரியும், பாதி நாள் நானும் கூடப் போயிருக்கிறேன். தாலுகா ஆபீசில் போலீஸ் ஸ்டேஷன் என்பார்கள், ஸ்டேஷனில் கலெக்டர் ஆபீஸ் என்பார்கள், அங்கே மறுபடியும் தாலுகா. பள்ளிக்கூட யூனிபார்மோடு அம்மாவின் பின்னால் அவளும் அலைந்தாள்.

"யாரும் லஞ்சம்கூடக் கேக்கல மாமா. இந்த வேலை யாருதுன்னு அவங்களுக்கே தெரியல. அது எப்படி ஒருத்தருக்குமே தெரியாமப் போகும்? எனக்கு அதைத் தெரிஞ்சுக்கணும்" என்றாள்.

தெரிந்துகொண்டு என்ன செய்வாய் என்று கேட்டேன். அதுதான் இன்னும் தெரியவில்லை என்றாள். ஏழு லட்சத்துக்கு இதுதான் பதில். மோர் புளித்திருந்தது.

ஜூன் 2, திங்கள்

கலாவதி போன் செய்தாள். அவளுடைய சம்பளச் சான்று, கனிஷ்காவின் மார்க் பட்டியல், பல்கலைக்கழகக் கடிதம் எல்லாம் தயாராம். நான் ஆதார் அட்டையும் சம்பளச் சீட்டும் எடுத்துக்கொண்டு வங்கிக்கு வந்தால் போதுமாம். இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் முதல் பருவக் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது கடன் தருகிறோம் என்று வங்கிக் கடிதமாவது காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும் என்றாள். முப்பதுக்கு இன்னும் நாள் கிடக்கிறதே, எதற்குப் பறக்கிறாய் என்றேன்.

போனில் மறுபடியும் அந்தத் தெரியாத நம்பர். காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறது. கிரெடிட் கார்டு விற்கிறவர்கள்தான். எடுக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

முகுந்தனின் தவணை நாள். அவன் வங்கிக் கணக்கில் ஏதோ கே.ஒய்.சி. கோளாறு, பணம் போட முடியவில்லையாம். போன மாதமும் அதே கோளாறு. இந்த மாதமாவது நானே கட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வீட்டு வரி கட்டியதில் கை கடிக்கிறது. அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்.

தக்காளி விலை கேட்டால் தலை சுற்றுகிறது.

ஜூன் 9, திங்கள்

வங்கிக்குப் போகலாம் என்று கலாவதி. மேனேஜர் லீவு என்று கேள்விப்பட்டேன் என்றேன். யார் சொன்னார்கள் என்று கேட்டாள். தங்கைக்கு இந்தக் குறுக்குக் கேள்வி எல்லாம் எப்போது வந்தது? மகளிடமிருந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

வங்கியில் சர்வர் வேலை செய்யவில்லை என்று கலாவதியிடம் சொல்லிவிட்டேன். பாதி நாள் அங்கே சர்வர் வேலை செய்யாது, அதனால் இதைப் பொய் என்று சொல்ல முடியாது.

மரகதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. மாவு அரைக்கிற கிரைண்டர் கல் ஆடுகிறது, ஆள் கூட்டி வாருங்கள் என்றாள். அவ்வளவுதான் இன்றைய பேச்சு.

ஜூன் 16, திங்கள்

கிரைண்டர் சரியாகிவிட்டது. ஆபீசில் இருபதாம் தேதிக்குள் எல்லோருக்கும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய வேண்டும். மூச்சுவிட நேரமில்லை. கலாவதியிடம் அதையே சொன்னேன். இதுவாவது உண்மை.

மத்தியானம் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் ஆபீசுக்கு வந்தார். மகனை எதில் சேர்க்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார். முகுந்தன் நல்லா இருக்கானாமே, அதே காலேஜில் போடலாமா என்றார். போடுங்கள் என்றேன். வேறு என்ன சொல்வது?

ஜூன் 19, வியாழன்

அஷ்டமி. அஷ்டமியில் யாராவது கடன் பத்திரத்தில் கை வைப்பார்களா? இதைக் கலாவதியிடம் சொன்னதும் போன் கை மாறியது. பிறகு கனிஷ்காவின் குரல் வந்தது. "சரி மாமா, நவமியும் போகட்டும். சனிக்கிழமை வங்கி உண்டு" என்றாள். அந்தப் பிள்ளை கேலி செய்கிறாளா, நிஜமாகவே சொல்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியாது. அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது.

ஜூன் 21, சனி

மூன்றாவது சனி, வங்கி திறந்துதான் இருந்தது. எனக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது. போகவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

கலாவதி தனியாக வந்தாள். உட்காரவில்லை. பாண்டியராஜ் மறுபடியும் வந்தானாம். உங்கள் அண்ணன் பந்தியில் சவடால் விட்டதோடு சரி, கடைசி நேரத்தில் கையை விரிப்பார், அதற்குள் பி.காம். சீட்டைச் சொல்லி வைத்திருக்கிறேன் என்றானாம். "இஷ்டம் இல்லைன்னா இப்பவே சொல்லிருண்ணே. நான் கோவிச்சுக்க மாட்டேன். அவ மதுரைக்காவது போவா" என்றாள். நான் இந்த வாரம் நிச்சயம் என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. காப்பி வேண்டாம் என்று போய்விட்டாள்.

அவள் போனதும் மரகதம் ஆரம்பித்தாள். வங்கியில் நம் கணக்கைத் தட்டினால் முகுந்தன் கடனில் ஐந்து மாத நிலுவை இருப்பது தெரிந்துவிடும், அதற்குத்தானே ஓடி ஒளிகிறீர்கள் என்றாள். இப்படிப் பச்சையாக இதுவரை இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. மகனுடைய கௌரவத்துக்காகத்தான் என்றேன்.

"அவன் வெயிலு மழைன்னு பாக்காம உழைச்சுத்தான் திங்கிறான். ஒளிஞ்சு திரியுறது நீங்கதான்" என்றாள்.

நான் மோட்டாரைப் பார்க்க எழுந்து போனேன். மோட்டார் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 23, திங்கள்

கனிஷ்காவின் கல்யாணச் சீருக்காக, தங்கம் விலை குறைவாக இருந்த காலத்தில் நகைச் சீட்டுப் போட்டு வாங்கிய சங்கிலி ஒன்று பீரோவில் இருந்தது. ஒன்றரைப் பவுன். தாய்மாமன் போடுகிற சங்கிலி. அடகு வைக்கலாம் என்று எடுத்தேன். அதுவும் இன்னொரு தவணைதானே, வித்தே விடுங்கள் என்றாள் மரகதம். கடைத்தெருவில் தெரிந்த கடைக்குப் போகவில்லை, பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் விற்றேன். சேதாரம், செய்கூலி என்று வாங்கும்போது ஒரு பேச்சு, விற்கும்போது ஒரு பேச்சு. கொள்ளைக்காரன்கள்.

அவள் கல்யாணத்துக்கு இன்னும் காலம் கிடக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

முகுந்தன் கணக்கில் நிலுவை முழுவதையும் கட்டினேன். அடுத்த சில மாதத்துக்கும் சேர்த்துக் கட்டினேன். கவுண்டரில் இருந்த அம்மாள், எத்தனை தடவை போன் செய்தோம் சார், எடுக்கவே இல்லையே என்றாள். போன் ரிப்பேர் என்றேன். அப்போதுதான் சட்டைப் பையில் அது அடித்தது.

இன்ஜினியரிங் படித்த கடனை அடைத்தால்தான் அரசியல் படிக்கக் கடன் கிடைக்கும். எங்கள் ஆடிட்டரிடம் சொன்னால் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்பார்.

கலாவதிக்கு நானே போன் செய்து வியாழக்கிழமை வா என்றேன். நாளைக்கு அமாவாசை, நல்ல நாள்தான். ஆனால் வங்கிக் கம்ப்யூட்டரில் நான் கட்டியது ஏற ஒரு நாளாவது ஆகும்.

ஜூன் 26, வியாழன்

முழுவதையும் எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதினால் எனக்குச் சாதகமாக மாற்றி எழுதிவிடுவேன்.

பத்தரைக்குப் போனோம். கடன் அதிகாரி சின்னப் பையன். முகுந்தனை விட மூன்று நான்கு வயது கூட இருக்கலாம். மரியாதையான பையன், நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். என் ஆதார் எண்ணைத் தட்டினான். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் திரையைப் பார்த்தான். எனக்குச் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. அவன் என் பக்கம் குனிந்து, கலாவதிக்குக் கேட்காத குரலில், "முந்தாநாள் வரைக்கும் இன்னொரு கடன்ல நிலுவை இருந்திருக்கு சார். இப்ப சரியாயிருச்சு. நான் மேனேஜர்கிட்டப் பேசிக்கிறேன்" என்றான். கலாவதி மஞ்சள் பைக்குள் ரேஷன் கார்டு ஜெராக்ஸைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழவில்லை.

தப்பித்துவிட்டேன். சங்கிலி போனாலும் மானம் போகவில்லை. அதோடு வாயை மூடிக்கொண்டு கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

அந்தப் பையன் கனிஷ்கா பக்கம் திரும்பினான். படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது போலும். அதைப் பார்த்துக் கேட்டான். "பொலிட்டிகல் சயின்ஸ் படிச்சிட்டு என்னம்மா வேலைக்குப் போவீங்க? கடனை எப்படித் திருப்பிக் கட்டுவீங்க?"

நியாயமான கேள்வி. பால்கோவா வந்த நாளிலிருந்து நான் அவளைக் கேட்டுக்கொண்டிருக்கிற அதே கேள்வி. அவன் கேலியாகவும் கேட்கவில்லை. கனிஷ்கா பதில் சொல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்குள் எனக்கு எங்கிருந்து அந்த ஆத்திரம் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி இதே மேசையில என் மகன் உக்காந்திருந்தான்" என்றேன். "மெக்கானிக்கல்னு சொன்னோம். டீ வாங்கிக் குடுத்துக் கையெழுத்து வாங்குனீங்க. இந்தக் கேள்வியை ஒருத்தர் கேக்கல. ஒரு வருஷம் ட்ரெய்னிங்னு சொல்லி வச்சிருந்துட்டுக் கம்பெனியில வெளிய அனுப்பிட்டான். இன்னைக்கு மெட்ராஸ்ல பைக்ல வீடு வீடாச் சோறு கொண்டுபோய்க் குடுக்குறான். தவணையை நான் கட்டுறேன். அவனை யாராவது கேட்டீங்களா சார், படிச்சிட்டு என்ன செய்வேன்னு?"

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பணம் எண்ணுகிற மெஷின் ஓடி நின்றது. வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்கள். கலாவதி ரேஷன் கார்டு ஜெராக்ஸைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பையன் பேனாவைக் கீழே வைத்தான். "கேட்டிருக்கணும் சார்" என்றான். இப்படிப் பேசுகிறவனோடு எப்படிச் சண்டை போடுவது? தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தான். நான் குடித்தேன்.

பிறகு கனிஷ்கா பதில் சொன்னாள். முதலில் இருபதாயிரத்துக்குத்தான் வேலை கிடைக்கும், தவணை பன்னிரண்டாயிரம், மிச்சத்தில் பெங்களூரில் வாடகை கொடுத்து இருக்க முடியாது, அதனால் முதல் இரண்டு மூன்று வருஷம் மதுரையிலோ இங்கேயோ வேலை தேடிக்கொண்டு அம்மாவோடு இருப்பேன், மேற்படிப்புப் படித்தால் சம்பளம் கூடும், ஆனால் அதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கட்டத்தில் ஒரு வரி எழுதினான். கனிஷ்காவும் கலாவதியும் கடன் வாங்குகிறவர்களாகக் கையெழுத்துப் போட்டார்கள். நான் ஜாமீனில் போட்டேன். என் பெயரே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. திங்கட்கிழமைக்குள் கடிதம் தந்துவிடுவதாகச் சொன்னான்.

வெளியே வந்ததும் கனிஷ்கா, "மாமா, நான் கட்டலைன்னா உங்ககிட்டதான் வருவாங்க. வேண்டாம்னா திங்கக்கிழமைக்குள்ள சொல்லிருங்க" என்றாள். காலேஜ் வாசலையே மிதிக்கவில்லை, அதற்குள் சட்டம் பேசுகிறாள். போய் ஜூஸ் வாங்கிக் குடி என்று காசு கொடுத்து அனுப்பினேன்.

பஸ் ஸ்டாப்பில் நானும் கலாவதியும் மட்டும் நின்றோம். அவள் அழுவாள் என்று நினைத்தேன், ஆறுதல் சொல்லவும் தயாராக இருந்தேன். அவளுக்குக் கோபம்.

"ஒண்ணரை மாசமா என் பிள்ளையை முகுந்தனைக் காட்டித்தானே அண்ணே அடிச்ச" என்றாள். "நான் ராத்திரி படுத்து யோசிச்சேன், நம்ம பிள்ளைக்குத்தான் புத்தி இல்லையோன்னு. மதினியாவது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவனுக்கு நான் சோறாக்கிக் குடுத்து விட்டிருக்க மாட்டேனா?"

நான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். அவளே மறுபடியும் கேட்டாள்.

"வங்கிக்காரன் கேக்கல, சரி. நீ கேட்டியாண்ணே, அவன்கிட்ட?"

பஸ் வந்துவிட்டது.

ஜூன் 30, திங்கள்

கடிதம் வந்தது. கனிஷ்கா அதைப் போட்டோ எடுத்து அனுப்பி, பல்கலைக்கழகத்திலிருந்து பதிலும் வாங்கிவிட்டாள். இடம் உறுதி. பாண்டியராஜ் போன் செய்து, பரவாயில்லை மச்சான், போட்டுட்டீங்களே என்றான். மகனைப் பற்றியும் விசாரித்தான். வரிசையில் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? நன்றாக இருக்கிறான், பைக்கில் டெலிவரி செய்கிறான் என்றேன். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். முதல் தடவையாக அவனை வாயடைக்க வைத்திருக்கிறேன்.

கலாவதி இன்னும் பேசவில்லை. மரகதத்துக்கு மட்டும் போன் செய்து, முகுந்தனுக்குப் பருப்புப் பொடியும் ஊறுகாயும் அனுப்ப விலாசம் வாங்கியிருக்கிறாள்.

ஜூலை 6, ஞாயிறு

மூன்றரை மணிக்கு நானே முகுந்தனைக் கூப்பிட்டேன். எடுத்ததும், தவணைப் பணம் இந்த மாதமும் முடியவில்லை அப்பா என்று ஆரம்பித்தான். அதற்கில்லை என்றேன். அத்தை வீட்டில் யாருக்காவது ஏதாவதா என்றான். யாருக்கும் ஒன்றுமில்லை என்றேன். ஒரு தகப்பன் சும்மா போன் செய்யக்கூடாதா? எரிச்சலாக இருந்தது. கேட்க வந்ததை எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. கடைசியில் நேராகவே கேட்டுவிட்டேன்.

"பிளஸ் டூ முடிச்சப்ப உனக்கு என்ன படிக்கணும்னு இருந்துச்சு?"

யாரோ பக்கத்தில் வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், போகவில்லை.

"இப்ப எதுக்குப்பா அது?" என்றான்.

"சும்மாதான் கேக்குறேன்."

அதற்குள் அவன் போனுக்குள்ளேயே ஒரு மணி அடித்தது. "ஆர்டர் வந்திருச்சுப்பா. குடுத்துட்டு வந்து சொல்றேன்" என்றான். சரி, வண்டியைப் பார்த்து ஓட்டு, எத்தனை மணியானாலும் கூப்பிடு என்றேன்.

ஆறு மணியாகிறது. இன்னும் கூப்பிடவில்லை. இருபத்து நாலு வயதுப் பையன், இதற்குப் பதில் சொல்ல இவ்வளவு நேரமா? மரகதம் இரண்டு தடவை காப்பியைச் சுட வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.